மீசையோடு தட்டிய கதவு

என் குரல் சின்ன வயதிலிருந்தே தடித்தது. தொலைபேசியை எடுத்து ஹலோ சொன்னால் மறுமுனையில், "தம்பி, அக்கா நிக்கிறாவோ?" என்பார்கள். நான் திருத்துவதில்லை. "பொறுங்கோ, கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுப்பேன். உயரமும் அப்படித்தான். குளிர்காலத்தில் கோட்டும் தொப்பியுமாக பஸ்ஸில் ஏறினால் சாரதி என்னை 'சேர்' என்பான். கல்யாணப் பேச்சுகளில் இவை இரண்டும் குறைகளாகவே எண்ணப்பட்டன. எண்பதுகளின் கடைசியில் ஒரு நாடகம் வந்தபோதுதான் இவற்றுக்கும் ஒரு பயன் இருப்பது தெரிந்தது.

அப்போது நான் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கும் வேலை. எங்கள் மூவரின் அகதி விண்ணப்பமும் முடிவு தெரியாமல் கிடந்தது. வாசலில் அரசாங்கத்தின் பழுப்பு உறை விழுந்தால், அத்தான் அதைத் திறப்பதற்கு முன் ஒரு கோப்பை தண்ணீர் குடிப்பார்.

நாடகத்தை எழுதியவர் தென் லண்டனில், சட்டனில் இருந்த ஓர் அண்ணை. கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மதிய இடைவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய லண்டனைப் பற்றி வாசிப்பார். விக்டோரியா மகாராணி காலத்தில் தோட்டத்துரைமாரின் குடும்பங்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குழந்தை பார்க்க ஆயாக்களைக் கப்பலேற்றி இங்கே கூட்டிவந்ததையும், இறங்கிய பிறகு அவர்களில் பலரைத் தெருவில் விட்டுவிட்டுப் போனதையும் அப்படித்தான் கண்டுபிடித்திருந்தார். "நாங்கள்தான் முதல் வந்து கஷ்டப்பட்ட ஆக்கள் எண்டு நினைக்கிறம். நூறு வருசத்துக்கு முந்தியே எங்கட பெண்டுகள் இஞ்ச வந்து அழுதிருக்கினம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதையே கதையாக்கினார். நம் காலத்துத் தமிழ்ப்பெண் ஒருத்தி, வேலை முடிந்து நிலத்தடி ரயிலுக்குக் காத்து நிற்கிறாள். விளக்குகள் அணைகின்றன. புகை கக்கிக்கொண்டு வரும் நீராவி ரயில் ஒன்று அவளை ஏற்றிப்போய் நூறு வருடத்துக்கு முந்திய லண்டனில் இறக்கிவிடுகிறது. அங்கே ஒரு பெண் தனியாகத் தெருவில் நடந்தால் மரியாதை இல்லை. கேள்வி கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். அதனால் கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, மீசை ஒட்டி ஆணாகிவிடுகிறாள். துப்புத் துலக்குகிறாள். கடைசியாக அவள் கண்டுபிடிப்பது, ஒரு துரைவீட்டில் காணாமற்போன ஆயாவை. அவள் காணாமற்போகவேயில்லை. அந்த வீட்டின் மேல்மாடத்தில்தான் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் வேடத்துக்கு ஒருவரும் தங்கள் மகளை விடவில்லை. அண்ணை எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஹலோ சொன்னதும், "தம்பி, வீட்டில நாடகம் நடிக்கக்கூடிய பிள்ளையள் ஆரும்..." என்று தொடங்கி, நான் யார் என்று தெரிந்ததும் என் உயரத்தைக் கேட்டார். பிறகு, "பிள்ளை, நீர்தான் நான் தேடின ஆள்" என்றார்.

ஒத்திகை சட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் நடந்தது. மேக்கப் போடுவதற்கு ஓர் அக்கா இருந்தா. ஊரில் நடனம் படித்தவ, கோபக்காரி. என் மேலுதட்டில் பசை தடவி மீசையை அமத்தும்போதெல்லாம் முறைப்பா. "கலியாணம் கட்டாத பிள்ளைக்கு உது தேவையே? நாளைக்கு ஆர் உன்னைப் பெண் கேட்டு வரப்போயினம்?" என்று ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டு.

நாடகத்தை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் தலைவர் வீடு மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. பெரிய வியாபாரி. சிரித்த முகம். அவருடைய ஆறு வயது மகள் நாடகத்தில் துரையின் குழந்தையாக நடித்தாள். குழந்தையை ஒத்திகைக்குக் கூட்டிவருவது தலைவரின் மனைவி. அவருக்குப் பின்னால், பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பெண் வருவாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு. நாங்கள் வெள்ளைக்காரரின் குளிரைத் திட்டிக்கொண்டு சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டிருந்த மார்கழி மாதம் அது. அவள் கதவருகில் நின்றபடியே இருப்பாள். உட்காரும்படி யாரும் சொன்னதில்லை, நானும் உட்பட. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண் என்றும், கொழும்பில் இவர்களுடைய உறவினர் வீட்டில் வேலைசெய்தவள் என்றும், குழந்தை பார்க்க அழைத்துவந்தார்கள் என்றும் பிறகு அறிந்தேன்.

ஒருநாள் மேல்மாடக் காட்சியை ஒத்திகை பார்த்தோம். நான் கதவை உடைத்து உள்ளே போய், சுவரோடு ஒடுங்கி இருக்கும் ஆயாவிடம் கேட்கவேண்டும்: "எல்லாரும் உங்களை ஆயா எண்டுதான் கூப்பிடுகினம். உங்கட சொந்தப் பேர் என்ன?" சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். கதவருகில் நின்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தேநீர் நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். முதல் தடவையாக.

"அம்மா, அந்தப் பொம்பள கடைசியில ஊருக்குப் போயிருவாளா?"

"ஓம். நாடகத்தில கப்பலேறிப் போறா."

"எப்புடிங்க? பாஸ்போட்ட யாரு குடுப்பா?"

"அந்தக் காலத்தில பாஸ்போர்ட் எல்லாம் கேக்கிறேல்லை."

"அப்ப அது நல்ல காலந்தாங்க" என்றாள்.

அதற்குள் தலைவரின் மனைவி மறுபக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டா. "இஞ்ச வா" என்றா. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு குழந்தையும் தாயும் மட்டும் வந்தார்கள்.

"அவ எங்கை?" என்று கேட்டேன்.

"ஊருக்கு அனுப்பிப்போட்டம். பிள்ளையளை நினைச்சு ஒரே அழுகை. பாவமாக் கிடந்தது."

சொன்ன முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் நம்பினேன். நல்லது, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒத்திகைக்காகக் குழந்தையின் தலையில் ஒரு பழங்காலத் தொப்பியைக் கட்டவேண்டியிருந்தது. தலையைக் கையால் ஒதுக்கினேன். கூந்தல் நாலு கால் எடுத்து, இடையில் சிவப்பு நூல் சேர்த்துப் பின்னப்பட்டு, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. மாதக்கணக்காக அந்தக் குழந்தையின் தலையில் நான் கண்ட அதே பின்னல். எனக்கு அப்படிப் பின்ன வராது. தலைவரின் மனைவிக்கும் வராது. "எனக்குத் தலை இழுக்கவே தெரியாது, உவள்தான் எல்லாம்" என்று அவவே முன்பு எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறா.

"ஆர் செல்லம் தலை இழுத்துவிட்டது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

குழந்தை தாயைத் திரும்பிப் பார்த்தது. "சொல்லக்கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்றது.

அன்று எனக்கு வசனம் ஒன்றும் வரவில்லை. ஒத்திகை முடிந்ததும் அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, பின்னலை வைச்சு ஒரு மனுசனில பழி போடேலாது."

"அந்தப் பிள்ளை சொன்னதை?"

"ஆறு வயசு. உம்மட கேஸ் எந்த நிலையில இருக்கு? அதை முதல் பாரும். அவர் எங்கட தலைவர். தேவையில்லாத வேலைக்குப் போகாதையும்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நானும் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பொலிஸுக்குப் போனால் அவளைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று மருந்துக்கடைக்கு வரும் ஒரு சட்ட உதவிக்காரப் பெண் சொன்னா. கூட்டிவந்த வீட்டை விட்டு வெளியேறினால் அவளுடைய விசா செத்துவிடும். நாடகம் மேடையேறவிருந்த பொங்கல் விழாவுக்கு இருந்த இரண்டு வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்னைப் பிடித்து உலுக்கியபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தானுக்குச் சொல்லாதை" என்றாள். பிறகு கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அவவைக் கூட்டிவந்தால் உன்ரை அறையிலதான் படுக்கவேணும். வேற இடமில்லை" என்றாள்.

பொங்கல் விழா அன்று மண்டபம் பின்னேரமே நிறையத் தொடங்கிவிட்டது. தலைவர் வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். அவருடைய மனைவி சமையல் பகுதியில். குழந்தை மேடைக்குப் பின்னால், தொப்பியோடு. அவர்கள் மூவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். வீட்டில் அவள் தனியே. இது எனக்கு உறைத்தபோது நான் முழு வேடத்தில் இருந்தேன். கறுப்பு நீளக் கோட்டு, இடுப்புச் சட்டை, வட்டத் தொப்பி, மீசை. மேக்கப் அக்கா பின்னுக்கு நின்று சரிபார்த்துவிட்டு, "நாசமாப் போக, அசல் ஆம்பிளை" என்றா. உடுப்பு மாற்ற நேரமில்லை. பின்கதவால் வெளியே வந்துவிட்டேன்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவிளக்குகளைச் சுற்றி ஈரப் பனிப்புகார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு மாலை வணக்கம் சொன்னார். நானும் என் தொப்பியைத் தொட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தெருவில் நான் தோளை ஒடுக்காமல் நடந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வீடு விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. உடுப்பு அளவெடுக்க ஒருமுறை போயிருக்கிறேன். கீழே வெளிச்சம் இருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. கடிதம் போடும் தகட்டைத் தூக்கிக் குனிந்தேன்.

"அக்கா, கதவைத் திறவுங்கோ."

நடையின் கோடியில் அவளுடைய கால்கள் தெரிந்தன. அதே ரப்பர்ச் செருப்பு.

"யாருங்க? ஐயா வூட்டுல இல்லீங்க. நான் கதவ தொறக்கக் கூடாது."

"நாடகத்தில நடிக்கிற பிள்ளை. உங்களோட கதைச்சனான். பாஸ்போர்ட் எண்டு கேட்டியளே."

அவள் குனிந்து பார்த்தாள். மீசையைக் கண்டதும் பின்வாங்கினாள். "பொய் சொல்றீங்க. ஆம்பள கொரலு. போயிருங்க, கத்துவேன்."

நான் எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவுக்கு என் குரல் தடித்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வேறு வழியில்லை. மீசையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். மேக்கப் அக்காவின் பசை இலேசானதல்ல. பாதி கழன்றது, தோலும் கொஞ்சம் வந்தது. தொப்பியைக் கழற்றினேன். கொண்டை அவிழ்ந்து கூந்தல் தோளில் விழுந்தது. தகட்டுக்குள்ளால் முகத்தைக் காட்டினேன்.

"ஐயோ, ரத்தம் வருதே" என்றாள் அவள். அவள் குரல் மாறியிருந்தது.

முன்கதவையும் பின்கதவையும் வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி, பின்பக்கம் வரச் சொன்னாள். பக்கத்துச் சந்தால் பின்புறம் போனேன். குசினி ஜன்னலை மேலே தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கன்னத்தில் பழைய காயம் ஒன்று மஞ்சளாகக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வெளிக்கிட்டு வாங்கோ அக்கா. எங்கட வீட்டை போவம்."

"பாஸ்போட்டு அம்மாகிட்ட இருக்குங்க."

"பேந்து பாப்பம்."

"போலீஸு வருமா?"

வராது என்று சொல்ல ஆசையாக இருந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க வூட்டுல எத்தன பேரு?"

"மூண்டு பேர்."

"உங்க வூட்டு வேலைக்கா கூப்புடுறீங்க?"

மீசை பிய்ந்தபோது வலித்ததைவிட அது வலித்தது. "இல்லையக்கா. வேலைக்கில்லை."

"நான் போயிட்டா பாப்பாவுக்கு யாரு சோறு ஊட்டுவா?" என்றாள். என்னிடம் கேட்டதல்ல அது. திரும்பி உள்ளே போனாள். போய்விட்டாள், வரமாட்டாள் என்றே நினைத்தேன். தெருவில் ஒவ்வொரு காரும் கடக்கும்போது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். சோற்றுப் பானையை மூடினாள். மேலே ஏறும் சத்தமும் இறங்கும் சத்தமும் கேட்டன. ஒரு கடைப் பையோடு ஜன்னலுக்கு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலைச்சரிவில் இறங்குகிறவளைப்போல அநாயாசமாக வெளியே குதித்தாள்.

குளிரில் அவளுக்கு உடல் உதறியது. என் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன். கணுக்கால்வரை வந்து சேலையை மறைத்தது. தொப்பியையும் அவள் தலையில் வைத்து அமத்தினேன். நான் இடுப்புச் சட்டையும் காற்சட்டையும் பாதி மீசையுமாக, கூந்தலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

தெருமுனை திரும்பும்போது ஒரு கார் எதிரே வந்து வேகம் குறைத்தது. தலைவரின் கார். கண்ணாடி இறங்கியது.

"என்ன நீங்கள் இஞ்ச நிக்கிறியள்?" சிரித்த முகம்தான். "உங்கை எல்லாரும் தேடினம். நான் வீடியோ கமராவை மறந்துபோனன். ஏறுங்கோ, எடுத்துக்கொண்டு அப்படியே கொண்டுபோய் விடுறன்."

என் கைக்குள் அவளுடைய கை ஐஸ்கட்டிபோல இருந்தது. அவள் தலையைக் குனிந்து தொப்பியின் விளிம்புக்குள் மறைந்திருந்தாள். நான் அவளுக்கும் காருக்கும் நடுவில் வந்தேன். என் முகத்தில் பிய்ந்த பக்கம் அவருக்குத் தெரியாமல் திரும்பி நின்றேன்.

"வேண்டாம் அண்ணை. வசனம் பாடமாக்கிக்கொண்டு நடக்கிறம். காருக்குள்ள எல்லாம் மறந்துபோடும்."

"இவர் ஆர்? புது ஆளோ?"

"ஓம். கடைசிக் காட்சிக்கு வாறவர்."

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்ததென்று என்னால் சொல்ல முடியாது. வருடக்கணக்காக அவருடைய வீட்டில் சமைத்துப் போட்டவள். ஆனால் கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆளாக அவளை அவர் ஒருபோதும் கண்டதில்லை. "கெதியா வாங்கோ" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினார்.

கார் திரும்பியதும் ஓடினோம். ஜன்னலைச் சாத்தி விட்டிருந்தோம், ஆனால் வீட்டுக்குள் போய் ஒருமுறை கூப்பிட்டால் போதும், தெரிந்துவிடும். ஸ்டேஷனுக்குப் போனால் அங்கேதான் முதலில் தேடுவார். மண்டபத்தைத் தவிர வேறிடம் எனக்குத் தோன்றவில்லை.

பின்கதவால் நேரே பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குள் அவளைக் கொண்டுபோனேன். ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். தொப்பியைக் கழற்றியதும் பேச்சு நின்றது. எல்லோருக்கும் அவளைத் தெரியும். எல்லோருக்கும் அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லப்பட்டிருந்தது. மேக்கப் அக்கா கிட்ட வந்து, அவளுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தைப் பார்த்தா. அவளை உடுப்புத் தொங்கவிட்ட கம்பிக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இருத்தினா. பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னை நம்பி மீசை ஒட்டினேனே" என்று சொல்லிக் கண்மையை எடுத்து என் உதட்டின் மேல் மீசை வரையத் தொடங்கினா.

அண்ணை ஆத்திரத்தோடு வந்தார். "எங்கை பிள்ளை போன..." என்று தொடங்கியவர் கம்பிக்குப் பின்னால் பார்த்தார். அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் எழுதினது ஒரு நாடகம்..." என்றார்.

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தலைவரின் குரல். "பிள்ளையள், உள்ளுக்கு ஆரும் புது ஆக்கள் வந்தவையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது: இதற்கு மேல் அவரால் ஒன்றும் கேட்க முடியாது. எங்கள் வேலைக்காரியைக் கண்டீர்களா என்று கேட்டால், ஊருக்கு அனுப்பியவள் எப்படி இங்கே வந்தாள் என்று யாராவது கேட்பார்கள். கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது.

மேக்கப் அக்கா ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாத்தினா. "பொம்பிளையள் உடுப்பு மாத்தினம்! ஒரு தலைவருக்கு உது தெரியாதே? போய் முன்னுக்கு இருங்கோ!" அவ போட்ட சத்தத்தில் மண்டபத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கைப்பிடி பழைய நிலைக்கு வந்தது. காலடிகள் விலகின.

நாடகத்தை ஆடினோம். எப்படி ஆடினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதல் வரிசையில் தலைவர் மடியில் கமராவை வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் இருந்தார். அவருடைய மனைவி குனிந்து அவர் காதில் ஏதோ கேட்டா. மேல்மாடக் காட்சியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் குரல் உடைந்தது. சனங்கள் அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து வெளியே போனார். அவருடைய மனைவி போகவில்லை. மேடையில் தொப்பியோடு நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தா.

அக்கா ரயிலில் தனியாக வந்திருந்தாள். திரை விழுந்ததும் அவளும் மேக்கப் அக்காவும் சேர்ந்து அந்தப் பெண்ணை மேக்கப் அக்காவின் காரில் குட்மேய்ஸுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் அத்தானுக்கு அப்போதுதான் தெரிந்தது. "எங்கட கேஸே முடியேல்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?" என்று நடுங்கினார். அவள் சமையலறை வாசலில் நின்றாள், உட்காராமல். அத்தான் கத்தி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "இருங்கோ அக்கா. ஏன் நிக்கிறியள்?" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அந்த வாரம் முழுவதும் வாசல்மணி அடித்தால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் மட்டும் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். பொலிஸ் வரவில்லை. தலைவருக்கும் எங்களுக்கு இருந்ததைப்போலவே பயம் இருந்திருக்கவேண்டும்.

வந்தது அவருடைய மனைவி. வீட்டுக்கல்ல, மருந்துக்கடைக்கு. இருமல் மருந்து வாங்குகிறவளைப்போல வரிசையில் நின்று என் முன்னால் வந்தா.

"அவள் உங்களோடதான் எண்டு தெரியும்" என்றா தாழ்ந்த குரலில். "பிள்ளை சாப்பிடுதில்லை. ஒரே அழுகை. திரும்பி வரச்சொல்லுங்கோ. இனி ஒண்டும் நடக்காது, நான் பொறுப்பு."

"உங்களுக்குப் பொறுப்பெடுக்க ஏலுமே?" என்று கேட்டேன்.

அவவுடைய கண்கள் நிறைந்தன. கடைக்குள்ளே ஹீட்டர் சூட்டிலும் அவ தாடைவரை ஒரு துணியை இறுக்கிச் சுற்றியிருந்தா. எனக்கு அதைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை நான் கேட்டிராத கேள்விகளில் அது ஒன்று. "அவ வரமாட்டா" என்று மட்டும் சொன்னேன். அவ தலையசைத்தா. கைப்பையிலிருந்து ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, மருந்து வாங்காமலே போய்விட்டா. உள்ளே பாஸ்போர்ட் இருந்தது.

நாடகம் மறுபடி மேடையேறவில்லை. அண்ணையைச் சங்கத்திலிருந்து மெல்ல ஒதுக்கினார்கள். என்னைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள் என்று மேக்கப் அக்கா ஒன்றுவிடாமல் வந்து சொன்னா. சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் போனா.

அந்தப் பெண் எங்களோடு சில மாதங்கள் இருந்தாள். என் கட்டிலில் அவள், நான் தரையில். வேண்டாமென்று எவ்வளவோ சண்டை பிடித்தாள். வீட்டில் ஒரு பாத்திரம் கழுவ எடுத்தாலும் அக்கா பறித்துவிடுவாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சட்ட உதவிக்காரப் பெண் அவளைத் தன் பொறுப்பில் எடுத்து, அவளைப்போலவே வீடுகளைவிட்டு ஓடிவந்த பெண்கள் கூடும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனா. பிலிப்பைன்ஸ்காரிகள், கேரளத்துக்காரிகள். அங்கிருந்து வந்த அன்று அவள் முதல் தடவையாகப் பாட்டு முணுமுணுத்தாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. வேறு பெண்களோடு ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவிடம் மட்டும், "தங்கச்சி மொகத்தப் பாத்தா போக முடியாது" என்றாளாம். அந்தச் சொல் பொய்யில்லை என்றாலும், எங்கள் வீட்டில் அவள் எப்போதும் காப்பாற்றப்பட்டவளாகவே இருக்கவேண்டியிருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், பார்க்கிங் சந்தையில் அவளைக் கண்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகி, கையில் ஒரு பிள்ளை. அவளும் இன்னொரு பெண்ணும் குளிர்கோட்டுகள் தொங்கிய ஒரு கடையில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். உடம்பு வைத்திருந்தது. தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த கோட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, என் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

"விசா குடுத்துட்டாங்க தங்கச்சி" என்றாள். "ஆஸ்பத்திரி கேன்டீன்ல வேல. பெரிய மகளுக்குக் கல்யாணம். போன மாசம் போயிட்டு வந்தேன்."

"ஊருக்கோ?"

"ஆமா. பன்னெண்டு நாளுக்கு மேல இருக்க லீவு குடுக்கல. வந்துட்டேன்." சிரித்தாள். "அங்க போனா எல்லாரும் எனக்கு நாற்காலி போடுறாங்க. ஒரே வெக்கமாப் போச்சு."

அவளோடு வந்த பெண், நான் யாரென்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். எதைச் சொல்வாள் என்று நானும் காத்திருந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சவங்க" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "நாடகத்துல நல்லா நடிப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர்களுடைய பஸ் வந்தது. கோட்டு வாங்கவில்லை, விலை சரிவரவில்லை போலிருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். அவள் மேல்தட்டில் ஏறி முன்னிருக்கையில் உட்காருவது கீழிருந்து தெரிந்தது. பிள்ளை கையை ஆட்டினான். அவள் அதைக் காணவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் கைகளை விரித்து எதையோ சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.